அண்ணி கலந்த விஸ்கி

என் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒருநாள் மருந்துக்கடைக்குள் போயிருக்கிறாள். கடை நிறைய ஆம்பளைகள். கேட்க வந்ததைக் கேட்க வாய் வராமல் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். உள்ளே மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணி அவள் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறார். "அம்மாவுக்கு இருமல் மருந்துதானே? எடுத்து வெச்சுட்டேன், இந்தா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லி, காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு இருமலே கிடையாது. வீட்டில் பிரித்தால், பெண்பிள்ளைக்கு மாதாமாதம் வேண்டியது இருந்தது. அதைப் பற்றி அண்ணி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா அவர். நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மாடி. அவருடைய கணவரை நான் அண்ணன் என்பேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். லாரி அளவுப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி, முட்டையை வைப்பதுபோலக் கீழே வைப்பாராம். குடி அந்த வேலையைத் தின்றது. பிறகு ஈரலைத் தின்ன ஆரம்பித்தது. நான் தினமும் விளக்கேற்றும்போது அவருக்காகவும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் தட்டைத் திருப்பிக் கொடுக்க மாடிக்குப் போனேன். சமையலறையில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். மேடைமேல் எலுமிச்சை, இஞ்சி, ஒரு கட்டுப் புதினா, சோடா. கையில் விஸ்கி பாட்டில்.

கையிலிருந்த தட்டு நழுவி விழுந்து அந்த வீடே அதிர்ந்தது.

"என்னடி, பாம்பைப் பார்த்த மாதிரி நிக்கிற?"

"அண்ணி! சாமி கும்பிடற வீட்ல இது என்ன?"

"விஸ்கி. உனக்குப் படிக்கத் தெரியும்ல, மேல போட்டிருக்கு பாரு."

அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். புதினா இலையை உள்ளங்கையில் வைத்து, கைதட்டுவதுபோல ஒரே ஒரு தட்டு. கசக்கினால் கசந்துவிடுமாம். அது உயரமான கண்ணாடி டம்ளரின் அடியில் போனது. அதன்மேல் இஞ்சிச் சாறு, எலுமிச்சை, ஒரு கரண்டி தேன். விஸ்கியை மட்டும் இருமல் மருந்து மூடியில் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அளந்தார். அப்புறம் பால் சேர்க்காத ஆறின டீ கொஞ்சம், நிறத்துக்கு. டம்ளர் நிறைய ஐஸ். சோடாவை ஓரமாகச் சாய்த்து ஊற்றி, நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரு தூக்குத் தூக்கினார். பாவம் என்று தெரிந்தும் அந்த வாசனைக்கு என் நாக்கில் தண்ணீர் ஊறியது. கடவுள் மன்னிக்கட்டும்.

"யார் சொல்லிக் குடுத்தாங்க இதை?"

"எங்க மருந்துக்கடைக்கு வயித்தெரிச்சல் மாத்திரை வாங்க வர்ற பார்க்காரன். அவன் ஊத்திக் குடுக்கிறதுல ஊருக்கே வயிறு எரியுது, அவனுக்கு எரியாதா?"

பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். அண்ணன் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இந்த வருஷத்துக்குள் அடியோடு நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஆளை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடைக்குப் போனால் தண்ணீர்கூடச் சேர்க்காமல் கவிழ்ப்பார். வீட்டில் இப்படிக் குளுகுளுவென்று கொடுத்தால் ஒரே டம்ளரை உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பார். அவருக்குத் தெரியாமல் விஸ்கியைக் குறைத்து டீயை ஏற்றிக்கொண்டே போவது. பாட்டில் பீரோவுக்குள், சாவி அண்ணியின் இடுப்பில்.

"சாமியைக் கேட்டீங்களா அண்ணி?"

"கேட்டேன். அவரு பதில் சொல்லல. டாக்டர் சொன்னாரு."

ஐஸ் மட்டும் அண்ணன் பொறுப்பு. வேலை போன ஆம்பளைக்கு வீட்டில் ஏதாவது ஒரு வேலை கொடுத்தால்தான் நிமிர்ந்து நடப்பார் என்று அண்ணிதான் அதை அவரிடம் விட்டிருந்தார். அவரும் கோயில் காரியம்போல ஐஸ் தட்டில் தண்ணீர் நிரப்பி வைப்பார். அந்த ஐஸ் என்னவோ கல்லுப்போல இறுகவே இறுகாது. தொட்டால் பொதபொதவென்று இருக்கும். ஃப்ரிட்ஜுக்கு வயசாகிவிட்டது என்பார் அண்ணன். மெக்கானிக் வந்து பார்த்து, ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

மழைக்காலம் முடியும்போது அண்ணி என் காதோடு வந்து சொன்னார்: "ஒரு வாரமா சொட்டு விஸ்கி கிடையாதுடி. வெறும் டீ. மனுஷன் 'ஆஹா'ன்னு குடிக்கிறாரு!" சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. நானும் சேர்ந்து அழுதேன். அன்றே அண்ணன் பேரில் ஒரு விரதம் நேர்ந்துகொண்டேன். பகல் முழுக்கப் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாத விரதம்.

விரதம் இருந்த நாள் சாயங்காலம் மாடியில்தான் முடித்தேன். அண்ணி ஜாடியில் அதையே கலந்தார், விஸ்கி இல்லாமல். "உன் விரதத்துக்கு ஒரு குறையும் வராது, நம்பிக் குடி" என்று டம்ளர் நிறைய ஐஸ் போட்டுக் கொடுத்தார். தாகத்தில் மடமடவென்று குடித்தேன். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் காது மடல் சுட்டது. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டினதுபோல இருந்தது.

"அண்ணி... உங்க வீட்டுத் தரை முன்னாடியே இப்படிச் சாய்வாத்தான் இருந்துச்சா?"

அண்ணி என் வாயருகே மோந்து பார்த்தார். ஜாடியை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில் போட்டார். போட்டவர் அப்படியே நின்றார்.

விரத வயிற்றில் விஸ்கி! "கடவுளே, கடவுளே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அண்ணியைப் பார்த்ததும் என் பதற்றம் எனக்கே பெரிதாகத் தெரியவில்லை. அவர் உயிரே போனதுபோலச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் அண்ணன்.

"எப்போலேருந்து?" என்றார் அண்ணி.

"நீ குறைக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து. டூல்ஸ் பெட்டியில ஒரு பாட்டில் வெச்சிருக்கேன், ஐஸ் தண்ணியில கலந்துடுவேன்."

"உங்களுக்குத் தெரியுமா நான் குறைச்சது?"

"முப்பது வருஷமா குடிக்கிறவன்டி. டீ எது விஸ்கி எதுன்னு தெரியாதா?"

அண்ணி கத்தவில்லை. ஐஸ் தட்டைத் தூக்கி எறியவில்லை. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, "அவ்வளவு பெரிய பெட்டியெல்லாம் இறக்கினீங்களே. இதை ஏங்க இறக்க முடியல உங்களால?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "அங்க கீழ ஒருத்தன் நின்னு கையைக் காட்டுவான். அவன் கையைப் பார்த்துத்தான் இறக்குவேன். மேலேருந்து எனக்கு ஒண்ணுமே தெரியாது. இங்க நீ எனக்குத் தெரியாம இறக்குற, நான் உனக்குத் தெரியாம ஏத்துறேன். விழாம என்ன செய்யும்?"

மறுநாள் நான் மாடிக்குப் போனபோது பார்த்தது, முந்தின நாள் பார்த்ததைவிடப் பெரிய அதிர்ச்சி. பீரோவில் பூட்டியிருந்த பாட்டிலும் டூல்ஸ் பெட்டிப் பாட்டிலும் சாப்பாட்டு மேஜைமேல் பகிரங்கமாக நின்றன. டம்ளரில் புதினா, இஞ்சி, எலுமிச்சை எல்லாம் தயார். அண்ணன் பாட்டிலைச் சாய்க்க, எதிரே நின்ற அண்ணி உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கையை இறுக்கி மூடினதும் அண்ணன் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"அண்ணி, உங்களுக்கென்ன பைத்தியமா? அவர் கையிலயே குடுத்துட்டீங்களே!"

"ஒளிச்சு வெச்சு என்ன கண்டோம்? சும்மா இரு, கை தப்பிடும்."

சில சாயங்காலம் அண்ணன் நிறுத்தவில்லை. ஊற்றிக்கொண்டே போனார். அண்ணி மூடின கையை எடுக்காமல் அப்படியே நிற்பார். ஒரு நாள் முழு டம்ளரையும் குடித்துவிட்டு அழுதார் அண்ணன். அண்ணி மறுநாளும் வந்து அதே இடத்தில் நின்றார். வருஷமும் முடிந்தது, கெடுவும் முடிந்தது. குடி மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுத்த வெயில்காலத்தில் ஒருநாள் அண்ணனே பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு சோடாவை எடுத்தார். ஈரல் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினாராம்.

அண்ணனுக்கு உடம்பு தேறியதும், வெளியூரில் இருந்த அவர்களுடைய மகள் அவரையும் அண்ணியையும் தன்னோடு கூப்பிட்டுக்கொண்டாள். வண்டியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவருக்கு எந்தப் பக்கம் ஒடிக்கணும், எந்தப் பக்கம் திருப்பணும் என்று புறப்படுவதற்கு முன்பே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனுக்காகத் தினமும் வேண்டிக்கொள்வேன், கவலைப்படாமல் போங்க என்றேன்.

அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"அவருக்காக வேண்டினதெல்லாம் போதும்டி, ஆளு பிழைச்சுட்டாரு. இனிமே எனக்காக வேண்டிக்க. இன்னும் இருபது வருஷம் இவரோட நான்தானே குப்பை கொட்டணும்!"