மலரில் வராத பக்கம்

ஊரில் எவ்விடம் என்று பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் யாராவது கேட்டால், தாட்சாயினி ஊர்ப்பெயரைச் சொல்லாமல் பொதுவாக நகரத்தைக் காட்டி "ரவுண் பக்கம்" என்பாள். யாழ்ப்பாணத்தார் இதைக் கேட்பது ஊரை அறிய அல்ல, சாதியை அறியத்தான். பதினெட்டு வருஷம் இந்த ஒரே பதிலால் தப்பிவந்தாள்.

ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்குவது அவள் வேலை. கூட வேலை செய்யும் மாலி நாட்டுக்காரி மரியாம், கறுப்பினப் பெண்ணொருத்தி எழுதிய பிரெஞ்சுப் புத்தகத்தைக் கொடுத்தாள். வெள்ளைக்காரப் பெண்கள் 'பெண்களாகிய நாங்கள்' என்றபோது அதற்குள் கறுப்புப் பெண்கள் இருக்கவில்லை என்று அதில் இருந்தது. தாட்சாயினி அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். வீடிருந்த லா கூர்னெவிலிருந்து வேலைக்காகக் கார் து நோர் நிலையத்துக்கு வரும் ரயிலில், ஒரு குளிர்காலம் முழுக்க, அகராதியும் கையுமாக ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கினாள்.

பாரிஸ் தமிழ்ப் பெண்களின் வாசகர் வட்டத்தில் அதை வாசித்தபோது பலர் கண்ணைத் துடைத்தார்கள். "இந்தக் கறுப்புப் பெண்கள் எங்கடை கண்ணைத் திறந்து விட்டிருக்கினம். பெண்கள் தின மலரிலை போடுவம்" என்றாள் வட்டத்தை நடத்தும் தயாளினி.

அந்தப் பாராட்டில் தாட்சாயினிக்குத் துணிவு வந்துவிட்டது. மொழிபெயர்ப்பின் முடிவில் சொந்தமாக ஒரு பக்கம் சேர்த்தாள். ஊரின் பெயரை எழுதினாள். கோயில் கிணற்றில் அள்ள விடாததால், மற்றப் பெண்கள் ஊற்றும்வரை அம்மா குடத்தோடு காத்து நின்றதை எழுதினாள். 'நீங்கள் எங்கள் பெண்கள் என்று சொல்லும்போது, என் அம்மா அதற்குள் இருந்தாளா?' என்று கேட்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தை வாசித்த தயாளினி அவளுக்குப் போன் எடுத்தாள். "இதெல்லாம் இஞ்சை இப்ப ஆர் பாக்கினம்? ஏன் கிளறுறியள்?" குரல் தேனாகத்தான் இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. தூரத்துக் கறுப்புப் பெண்ணுக்காக அழுவது சுலபம்; அவள் நம் வீட்டில் சம்பந்தம் பேச வரப்போவதில்லை.

மலர் வந்தது. மொழிபெயர்ப்பு இருந்தது. அவளுடைய பக்கம் இருக்கவேண்டிய இடத்தில் நகைக்கடை விளம்பரம். பக்கம் வெளிவராவிட்டாலும் ஊர்ப்பெயர் வெளியே வந்துவிட்டது. வட்டத்து யோகராணி அவளைக் கடையில் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முருங்கைக்காய் பொறுக்கினாள்.

தாட்சாயினி சொந்தமாக ஒரு பக்கம் எழுதியதை அறிந்திருந்த மரியாம், மறுநாள் ஹோட்டலில் மலரைக் கண்டதும் ஆசையோடு கேட்டாள்: "நீ எழுதின பக்கம் எது? உன் மொழியில் வாசி, கேட்கவேண்டும்."

எங்கள் பெண்களும் அந்த வெள்ளைக்காரிகளைப் போலத்தான் என்று இவளிடம் எந்த வாயால் சொல்வது? தாட்சாயினி நகைக்கடை விளம்பரத்தை மரியாமுக்குத் தெரியாதபடி தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்து, தான் எழுதியதை மனப்பாடமாக, ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்தாள். ஒரு சொல்லும் விளங்காத மரியாம் மட்டும் அதை முழுதாகக் கேட்டாள்.