ஜங்ஷன் பெஞ்சு

விருத்தாசலம் ஜங்ஷனில் அப்போது வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அக்காவைப் பெண் பார்க்க யார் வந்தாலும் தாய்மாமா என்னை அங்கே கூட்டிப்போய் உட்கார்த்திவிடுவார்.

எனக்குச் சிறுவயதிலேயே பார்வை மங்கத் தொடங்கியது. முதலில் மாலையில் தெரியாமல் போனது. பிறகு பகலும் போய்விட்டது. அக்காவைப் பார்க்க முதலில் வந்த மாப்பிள்ளையின் அம்மா, நான் கதவில் முட்டிக்கொண்டதைக் கவனித்துவிட்டார். "தங்கச்சி இப்புடின்னா, நாளைக்கு இவளுக்குப் பொறக்கறதும் அப்புடித்தான இருக்கும்?" என்று சொல்லி, பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து நான் வீட்டில் இல்லாத பிள்ளை. அப்பா வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் விளிம்பு உடைந்த கப்பைக்கூட செகண்ட்ஸ் என்று சொல்லி விலை குறைத்து விற்றுவிடுவார்கள். என்னை அப்படிக்கூட வெளியே காட்ட முடியவில்லை.

மாமா வாயில்லாப் பூச்சி. வடை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். "எப்ப மாமா வூட்டுக்குப் போலாம்?" என்றால், "இன்னொரு வண்டி போவட்டும் பாப்பா" என்பார். அது போனதும் மறுபடி அதே பதில். ஒருநாள் ஆத்திரத்தில் அவர் கையைக் கடித்துவிட்டேன். அவர் கையை இழுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிய சத்தத்தில்தான் அழுகிறார் என்று தெரிந்தது. அக்காவின் கல்யாணத்தன்றும் நாங்கள் அந்த பெஞ்சில்தான் இருந்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில், மாமா காலமான பிறகு, அக்காவின் மகள் பொழுது சாய்ந்தால் படியில் தடுக்கி விழ ஆரம்பித்தாள். அன்று பஜ்ஜியைத் தொடாமல் போன அந்த அம்மாளின் வாக்கு பலித்துவிட்டதே என்று நினைத்தேன். அக்காவின் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த அன்று, அக்கா தன் மகளை என்னிடம் அழைத்து வந்தாள். "அவங்க போற வரைக்கும் இவள ஸ்டேஷன்ல வச்சிருடி. மாமியார் சொல்லிட்டாங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். என்னால் மறுக்க முடியவில்லை. பகலில் பிள்ளைக்குக் கண் தெரியும் என்பதால் அவள்தான் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

இருட்டத் தொடங்கியதும் அவள் கேட்டாள், "எப்ப சித்தி வூட்டுக்குப் போலாம்?"

இன்னொரு வண்டி என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. மாமா எப்படித் தவித்திருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது.

"இப்பவே போலாம், வா."

"இருட்டிடுச்சு சித்தி. எனக்குத் தெரியாது."

"எனக்குந்தான் தெரியாது. கையப் புடிச்சிக்க."

கோலை ஊன்றி நான் முன்னால் நடந்தேன். அக்கா வீட்டு வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. வந்தவர்கள் இன்னும் போகவில்லை. என் கைக்குள் பிள்ளையின் கை வியர்த்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் படியேறினோம். உள்ளே சிரிப்பு நின்றது.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. அக்கா என்னோடு பேசுவதை விட்டாள், பிள்ளையையும் அனுப்பவில்லை. செய்தது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஜங்ஷனில் இப்போது பெஞ்சு இருந்த இடத்தில் இரும்பு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். யாராவது என் கையைப் பிடித்து உட்காரச் சொல்வார்கள். வண்டி எவ்வளவு தாமதமானாலும் நான் நின்றுகொண்டேதான் இருப்பேன்.