பார்த்தேன் என்று எழுதிய கை

அந்தச் சலவைக்கூடத்தில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டருக்குப் பெயர் 'பாத்துக்குவார்'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத் தாளில் மட்டும்தான் இருந்தது. உருளை நின்றுவிட்டது, நீராவிக் குழாய் ஒழுகுகிறது, யாரோ ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல், எதைச் சொன்னாலும் ஃபிட்டர் வாயிலிருந்து ஒரே மருந்துதான் வரும்: "கவலைப்படாதே, ஆண்டவர் பாத்துக்குவார்." துணி மடிக்கும் பெண்கள், "பாத்துக்குவார் வந்துட்டாரா?" என்று அவர் காதுபடவே கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். கோபமும் ஒரு கவலைதான் என்பார்.

அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். முப்பது வயதுவரை அந்த மனிதர் கவலையிலேயே வெந்தவர். வேலை முடிந்து பாதி வழி நடந்தபின் வால்வை மூடினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி நடப்பார். மூடித்தான் இருக்கும். மறுபடி பாதி வழி, மறுபடி சந்தேகம். சோறு இறங்காமல் வயிறு புண்ணாகிவிட்டது. அப்போதுதான் மனைவி அவரைக் கையைப் பிடிக்காத குறையாக ஆலயத்துக்கு இழுத்துப் போனாள். நாளைய பாரத்தை இன்றைக்கே தூக்கிச் சுமக்காதே என்று போதகர் அன்றைக்குப் பேசியது, தனக்கென்றே பேசியதுபோல் இருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்று படுத்தவர் விடிந்துதான் எழுந்தார். நாலு மாதத்தில் வயிற்றுப் புண்ணும் ஆறியது. இதில் எதுவும் பொய் இல்லை.

பிசகு எங்கே வந்தது என்றால், கவலையைத் துரத்தக் கதவைத் திறந்தவர் கவனமும் கூடவே வெளியே போனதைக் கவனிக்கவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தவை. அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். ஈரப் படுக்கை விரிப்புகளை ஒரு பக்கம் நுழைத்தால், சூடான இரும்பு உருளைகள் இழுத்துத் தேய்த்து மறுபக்கம் தள்ளும். உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. கை தவறிப் போனால் அந்தக் கம்பியில் இடிக்கும், இடித்த உடனே உருளை நின்றுவிட வேண்டும். தினமும் காலை ஆறு பத்துக்கு ஃபிட்டர் அந்தக் கம்பியை ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, சுவரில் தொங்கும் வாரத் தாளில் அன்றைய கட்டத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்த வேலையும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆரம்பித்தது. அன்று அதிகாலை ஆராதனை. ஆஸ்பத்திரிக்கு ஏது ஓய்வுநாள், உருளை ஓடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைச் சனிக்கிழமையே எழுதி வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு திங்கள் காலை தேநீரோடு உட்கார்ந்து, ஏழு கட்டத்தையும் ஒரே மூச்சில் எழுதப் பழகினார். நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் நாளைய கையெழுத்தை இன்றைக்கே போட்டார். இதிலுள்ள வேடிக்கை வெகுநாள் அவருக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது அது வேடிக்கையாகவும் இல்லை.

அவர் மனைவி நேர்மாறு. கேஸ் அடுப்பை இரண்டு தடவை, கதவுப் பூட்டை மூன்று தடவை பார்ப்பாள். "கவலைக்காரி" என்றுதான் கூப்பிடுவார். "இவளுக்கு விசுவாசம் அரைப்படிதான்" என்று ஜெபக் கூட்டத்திலேயே சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்துவிட்டு, போகும்போது ஆலயத்து மின்விசிறிகளை அணைத்துவிட்டுப் போவாள்.

அவளுடைய தங்கையும் அந்தக் கூடத்தில்தான் வேலை செய்தாள். புருஷனைப் பறிகொடுத்து, எட்டு வயது மகளோடு நின்றவளுக்கு ஃபிட்டர்தான் அலைந்து திரிந்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். உருளையின் வாயில் துணி நுழைக்கும் வேலை. கொழுந்தியாள் அவரை அப்பா இடத்தில் வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து ஆலய வாசலில் அவரை நிறுத்தினாள்.

"அத்தான், அந்தத் தடுப்புக் கம்பி ரெண்டு நாளா இறுகிக் கிடக்கு. தள்ளிப் பாத்தேன், அசைய மாட்டேங்குது."

"ஜெபம் பண்ணிட்டு வந்த வாயால வேலைப் பேச்சா? கவலைப்படாதே, ஆண்டவர் பாத்துக்குவார்."

"அவர் பாத்துக்குவார் அத்தான். நீங்களும் ஒரு தடவை பாத்துருங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துத் தலையாட்டினார். பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தார். திங்களன்று குழாய் ஒன்று வெடித்து, அந்த அமளியில் மறந்தே போனார். ஆனால் தேநீர் குடிக்க மறக்கவில்லை. ஏழு 'பார்த்தேன்' எழுதவும் மறக்கவில்லை.

புதன் காலை ஒன்பது மணிக்கு விரிப்பின் முனை ஒன்று உருளை வாயில் முறுக்கிக்கொண்டது. அதை நீவிவிடக் கொழுந்தியாள் கை வைத்தாள். துணியோடு விரல்கள் போயின. அவளுடைய இடது கை கம்பியை அடித்தது, மறுபடி அடித்தது. கூட நின்ற பெண் தன் முழு உடம்பையும் கம்பியின்மேல் போட்டுத் தள்ளினாள். கம்பி அசையவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த பெரிய ஸ்விட்சை யாரோ ஓடிப்போய் அணைத்தார்கள். நடந்தால் ஒன்பது அடி தூரம். அதற்குள் மணிக்கட்டுவரை போய்விட்டது.

அவளை அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து வலது கை இல்லாமல் படுத்திருந்தாள்.

அன்று மத்தியானம் சூப்பர்வைசர் ஃபிட்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜைமேல் அந்த வாரத் தாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, வராத நாட்களுக்கெல்லாம் 'பார்த்தேன்'.

"நாளைக்கும் பாத்துட்டீங்களாக்கும்," என்றார் சூப்பர்வைசர். பிறகு குரலைத் தணித்தார். "விடுங்க, ஆனைக்கும் அடி சறுக்கும். இந்தாங்க புதுத் தாள். புதன் வரைக்கும் மட்டும் எழுதுங்க. கம்பி காலையில நல்லா இருந்துச்சு, அந்தப் பொண்ணு பராக்குப் பாத்துட்டா. அவ்வளவுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஃபிட்டருக்கு அது தெரிந்தது. ஆனாலும் எழுதினார். மூன்று 'பார்த்தேன்'. இந்தத் தடவை தேநீர் இல்லை. பழைய தாளைச் சூப்பர்வைசர் நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபையார் அவளுக்காக ஜெபித்தார்கள். ஜெபத்தை நடத்தச் சொல்லி ஃபிட்டரை எழுப்பினார்கள். அவர் எழுந்தார். "ஆண்டவர்..." என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை வரவில்லை. துக்கம்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். வெளியே வரும்போது ஆளாளுக்கு அவர் தோளைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அவருக்கு அடியாக விழுந்தது.

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கம்பியைப் பாக்கலதானே?"

அவர் தட்டைப் பார்த்தார்.

"நான் கதவை மூணு தடவை பாத்தா எனக்கு விசுவாசம் இல்லேன்னு ஊர் முன்னால சிரிச்சீங்க. எனக்கு ஆண்டவர் மேல விசுவாசம் உண்டுங்க. பூட்டின மனுஷர் மேலதான் இல்ல."

அவள் எழுந்தாள். தங்கை மகளைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். குழந்தை இப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தது.

திங்கட்கிழமை விசாரணை. தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். புதுத் தாள் அவர் முன்னால் இருந்தது. ஃபிட்டர் என்ன முடிவோடு போனார் என்று கேட்டால், முடிவில்லாமல்தான் போனார். கேட்டால் தாளைக் காட்டலாம், மற்றதை மேலே இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். பதினேழு வருடப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

அந்த அம்மா இன்னொரு காகிதத்தை எடுத்தார். "காயம்பட்டவங்க வாக்குமூலம். சனிக்கிழமை எழுதிக் குடுத்திருக்காங்க. கம்பியில குறை எதுவும் இல்ல, தன் கவனக்குறைவுதான் காரணம்னு சொல்றாங்க."

சூப்பர்வைசர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபிட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். மேலே வேறு யாரோ எழுதிய வரிகள். அடியில் அவளுடைய கையெழுத்து. இடது கையால் போட்டது. முதல் எழுத்து மேலே ஏறி, அடுத்தது கீழே விழுந்து, ஓரிடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. அவரைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய். நாலு நாள் அவர் வாய் மூடிக் கிடந்த இடத்தில், அவள் தன் முதல் இடதுகைக் கையெழுத்தைப் போட்டிருந்தாள்.

"புதன்கிழமை காலையில ஆறு பத்துக்குக் கம்பியை அழுத்திப் பாத்தீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பாக்கலம்மா."

"தாள்ல பார்த்தேன்னு இருக்கே?"

"எழுதினேன். பாக்கல. புதன் மட்டும் இல்ல, எத்தனையோ மாசமாப் பாக்கல. அவ சொன்னா, அப்பவும் பாக்கல. இந்தத் தாளே புதன்கிழமை மத்தியானம் எழுதினது. பழைய தாள் இவர் பையில இருக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் அவர் வேலை போயிற்று. வழக்கு வரும் என்றார்கள். சூப்பர்வைசர் வேறு கிளைக்கு மாற்றலோடு தப்பித்தார், அந்த வகை ஆட்கள் எப்போதும் தப்பிப்பார்கள். கொழுந்தியாள்மீது தவறில்லை என்று அந்த அம்மா எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவர் வார்டுக்குப் போனார். அவளே எத்தனையோ தடவை உருளையில் விட்டெடுத்த, ஆஸ்பத்திரி முத்திரை போட்ட விரிப்பின்மேல் அவள் படுத்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காகிதத்தை வாங்கவில்லை.

"அந்தக் கையெழுத்துப் போட எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு அத்தான்."

"அது பொய்ம்மா. உன்னைப் பொய் சொல்ல வச்சதும் நான்தான்."

"தெரியும். இப்ப நீங்க சொன்னது நிஜம். நிஜம் சொன்னா கை வருமா?" அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கு ஒரு தடவை அழுத்திப் பாத்திருந்தா போதுமே."

அவர் தலையைக் குனிந்து அழுதார். மன்னித்துவிடு என்றார். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கிடந்தாள். தனக்குத்தானே பேசுகிறவள்போலச் சொன்னாள்:

"நாளைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். அக்கா எத்தனை நாள் ஜடை போடுவா? வீட்டுக்குப் போனா ஒரு கையால எப்படிப் பின்னுவேன்? சோறு எப்படி வடிப்பேன்? யார் எனக்கு வேலை குடுப்பா?"

பழக்கத்தில் அவர் வாய் திறந்தது. அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவர் அதை விழுங்கினார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பதினேழு வருடத்தில் முதல் தடவையாக, நாளையைப் பற்றி அவளோடு சேர்ந்து கவலைப்பட்டார்.