சிவப்பு எச்சரிக்கை

செங்கம் சாலையில் நான் தங்கியிருந்த விடுதியின் காவலாளி, மார்கழிக் குளிருக்கு மப்ளரால் காதை மூடியிருப்பார். தினமும் மாலையில் செல்போனை நீட்டுவார். அவர் மகன் வேலை பார்க்கும் கனடா ஊரின் வானிலை எச்சரிக்கையை நான் படித்துச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் தயங்கியபடி, "சிவப்புங்க. கடும் பனிப்புயல். பத்து நிமிஷம் வெளியே நின்னா விரல் உறைஞ்சிடுமாம். யாரும் வீட்டை விட்டு வராதீங்கன்னு போட்டிருக்கு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நல்லதா போச்சு சார். மஞ்சள்னா வேலைக்குப் போயிடுவான். சிவப்புனா வூட்லயே இருப்பான், போன் எடுப்பான்."

கேட் ஓரமாகப் போய் மகனை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அழைத்தார். பிறகு திரும்பி வந்து செல்போனை மறுபடி நீட்டினார்.

"நல்லா பாருங்க சார். மஞ்சளா இருக்கப் போவுது."

திரையில் இருந்த சிவப்புப் பட்டை எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

"ஆமாங்க, மஞ்சள்தான்" என்றேன்.