கரையும் வலைக்குழாயும் ரெட்டை விசிலும்

திருநகரில் எங்கள் வீட்டு கேட்டைத் திட்டாத சொந்தக்காரர் கிடையாது. இடுப்பளவு உயரமுள்ள சாதாரண இரும்பு கேட்தான். என்னிடம் இட்லி மாவு வாங்க வருகிறவர்களும் சரி, என் வீட்டுக்காரரைப் பார்க்க வருகிறவர்களும் சரி, அதற்கு வெளியேதான் நிற்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை, பெருமைதான்.

அவர் ஆரப்பாளையத்திலிருந்து தேனி போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பீடி சிகரெட்டைத் தொடாத மனிதருக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் நோய் வந்தது. ஏன் வந்தது என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. மறைத்து மறைத்துக் குடித்திருப்பார் என்று என் காதுபடவே பேசினார்கள். ஆக்சிஜன் இல்லாமல் பாத்ரூம் வரைகூட நடக்க முடியாமல் போனபோது, சென்னை ஆஸ்பத்திரியில் இரண்டு நுரையீரலையும் மாற்றி வைத்தார்கள். தங்கள் வீட்டில் இழவு விழுந்த நேரத்தில் ஒரு குடும்பம், முகம் தெரியாத கண்டக்டருக்கு மூச்சைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அவர்கள் யாரென்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். விளக்கேற்றும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

புது நுரையீரலை உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். நமக்குச் சாதாரணச் சளி என்றால் அவருக்கு அது ஆஸ்பத்திரி. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருத்தர் சீக்கில் விழுந்து எழுந்தால் போய்ப் பார்க்காமல் இருப்பது பெருங்குற்றம். வேன் பிடித்து வருவார்கள். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவந்து, கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் போவார்கள். அந்த அழுகையை நான் கேட்டிலேயே நிறுத்திவிட்டேன். அவர் வராந்தாவில், வந்தவர்கள் வெளியே, எல்லாருக்கும் மாஸ்க்.

அவருடைய அக்கா, எனக்கு மதினி, செல்லூரிலிருந்து தூக்குவாளி நிறைய நாட்டுக்கோழிக் குழம்போடு வந்தார். குழம்பை வாங்கிக்கொண்டேன். மதினியை உள்ளே விடவில்லை.

"எந்தம்பியப் பாக்க ஒங்கிட்ட டிக்கெட்டு எடுக்கணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோ ஏறினார். குழம்பு அருமையாக இருந்தது.

அந்த மாசியில் கோபத்தின் விலை தெரிந்தது. சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாரும் ஒரே பஸ் பேசி, திருமங்கலம் தாண்டி எங்கள் குலசாமி கோயிலுக்குப் போவோம். அந்த பஸ்ஸுக்கு வருஷா வருஷம் இவர்தான் கண்டக்டர். சம்பளமில்லாத வேலைக்கு அப்படி ஒரு மிடுக்கு. இவர் ரெண்டு விசில் கொடுக்காமல் வண்டி நகராது. அந்த வருஷம் எங்கள் தெரு முனையில் ஹாரன் சத்தம் கேட்டது, பஸ் நிற்காமலே போனது. அவர் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சோடு சேர்ந்து உய்ங்கென்று ஒரு இழுப்பு. தினமும் காலையில் ஊதிப் பார்க்கும் கருவியிலும் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. மதுரையில் வெயில் மண்டையைப் பிளக்கிற மாசத்தில், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நான் சென்னைக்குப் பையைக் கட்டினேன்.

சென்னையில் கேமரா குழாயை மூச்சுக்குழலுக்குள் விட்டுப் பார்த்தார்கள். புது நுரையீரலின் காற்றுக்குழலை அவருடைய சொந்தக் குழலோடு தைத்த இடத்தில், வலது பக்கம், தழும்பு வளர்ந்து வழி சுருங்கியிருந்தது. உள்ளே பலூனை வைத்து ஊதி விரித்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் சத்தமும் வந்துவிட்டது. மறுபடி போனோம், மறுபடி பலூன், மறுபடி சத்தம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்க ஆரம்பித்தார். கடன் வாங்கி வந்த மூச்சு கைவிட்டுப் போகிறது என்று நானும் தூங்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இரும்புக் கம்பி வலை வைக்கலாம், ஆனால் சதை அதைச் சுற்றி வளர்ந்துவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. அதனால் உள்தையல் போடுகிற, தானே கரைந்துபோகும் நூல் இருக்கிறதே, அந்த மாதிரி நூலில் பின்னிய வலைக்குழாய் வைக்கலாம். சில மாசம் வழியைத் தாங்கிப் பிடிக்கும், பிறகு கரைந்துவிடும். அதற்குள் குழல் திறந்து நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

"பழகலேன்னா?" என்று கேட்டேன்.

மறுபடி வைத்துப் பார்ப்போம் என்றார். நிச்சயம் நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. பொய் சொல்லாத அந்த டாக்டரம்மா மேல் எனக்கு அன்றைக்கே மரியாதை வந்தது.

என் வீட்டுக்காரர் அளவுக்கு அந்த வலைக்குழாயை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைத்தார்கள். மயக்கம் தெளிந்து அவர் விட்ட முதல் மூச்சில் சத்தமே இல்லை. அவரும் கவனித்துவிட்டார். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார்.

ஊர் திரும்பிய பிறகு மனிதர் டீ குடிக்கும் விதம் மாறியது. வண்டி நிற்கிற இரண்டு நிமிஷத்துக்குள் கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றிப் பழகியவர், இப்போது ஆடை படியும்வரை டம்ளரைத் தொடுவதில்லை. ரசமும் ஆற வேண்டும், கஞ்சியும் ஆற வேண்டும். என் கைப்பக்குவம் போய்விட்டதோ என்று நான் டீத்தூளை மாற்றினேன். பால்காரரிடம் சண்டையும் போட்டேன்.

ஒருநாள் காலையில் இருமியவர் கையில் மெல்லிய நூல் துண்டு ஒன்று வந்து விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"நேத்து ஆசப்பட்டு ஒரு வாய் சூடாக் குடிச்சுப்புட்டேன். அதேன் கரைஞ்சிருச்சு" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சூடு பட்டால் அந்தக் குழாய் சீக்கிரம் கரைந்துவிடும் என்று பயந்து, அம்புட்டு நாளும் ஆறிப்போன டீயைக் குடித்திருக்கிறார். என்னிடம் சொன்னால் நானும் பயப்படுவேன் என்று சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேட்டில் நின்று நான் மட்டும்தான் காவல் காக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இவரும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

டாக்டரம்மாவை வீடியோ காலில் பிடித்தோம். நூல் துண்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அது கரைகிற காலம்தான், துண்டு துண்டாக வரத்தான் செய்யும் என்றார். டீ விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"டீ போற ரூட் வேற, காத்து போற ரூட் வேற. சூடாவே குடிங்க. இந்த வாரம் கிளம்பி வாங்க, உள்ள பாத்துருவோம்."

ரூட் என்றதும் கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் குழாய் போன பிறகு வழி நிற்குமா என்ற கேள்வி அப்படியே இருந்தது. சென்னைக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு பேரும் அதைத் தவிர மற்றதையெல்லாம் பேசினோம்.

பரிசோதனை முடிந்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வலையைக் காணோம், ஒட்டிக்கொண்டிருந்த ஓரிரு நூலைத் தவிர. ரோஜா நிறச் சதைக்கு நடுவில் வழி வட்டமாகத் திறந்திருந்தது. "தானா நிக்குதும்மா" என்றார். அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். என் பிள்ளை பரீட்சையில் பாஸ் ஆனபோதுகூட நான் அப்படி நெஞ்சை நிமிர்த்தியதில்லை.

ஊருக்கு வந்ததும் மதினிக்கு நானாகப் போன் போட்டேன். "ஒங்க தம்பி டீயச் சூடாக் குடிக்கிறாக மதினி" என்று மட்டும் சொல்லி, பிறகு முழுக் கதையையும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அடுத்த சிவராத்திரி அன்று சாயங்காலம் தெருவுக்குள்ளேயே பஸ் வந்து எங்கள் கேட்டுக்கு நேராக நின்றது. ஒருத்தரும் இறங்கவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் மாஸ்க் போட்ட முகங்கள். முன்சீட்டிலிருந்து மதினி தலையை நீட்டினார்.

"நாங்க எறங்கலத்தா. ஒன் கேட்டு ஒங்கிட்டயே இருக்கட்டும். எந்தம்பி ஊதுனாத்தேன் வண்டி எடுக்கணும்னு டிரைவர்ட்டச் சொல்லிப்புட்டேன்."

அவருடைய பழைய விசிலைத் தேடி எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். வராந்தாவிலிருந்து இறங்கி, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, மாஸ்க்கை இறக்கினார். மூச்சை உள்ளே இழுத்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், உய்ங்கென்ற அந்தச் சத்தம் இல்லவே இல்லை. பிறகு ஊதினார், நீளமாக, ரெண்டு தடவை. தெருவே திரும்பிப் பார்த்தது. பஸ்ஸுக்குள் பெண்கள் குலவை போட, வண்டி நகர்ந்தது.

அது முனை திரும்பும்வரை விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் கவனிக்காத மாதிரி கேட்டைச் சாத்தினேன்.

"உள்ள வாங்க," என்றேன். "டீ ஆறிப்போகுது."