ஆப்பக்காரிக்குப் போர்த்திய பொன்னாடை

மைக் செட் வாடகைக்கு விடுவதுதான் அப்போது எனக்குத் தொழில். தொழில் என்றால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி, மைக், வாயகன்ற குழாய் ஸ்பீக்கர்கள், இவற்றை ஏற்றிக்கொண்டு போக ஒரு தள்ளுவண்டி. அந்த ஸ்பீக்கரை ஹார்ன் என்றுதான் சொல்வோம். சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் கல்யாணமோ, காதுகுத்தோ, தொழிற்சங்கக் கூட்டமோ, என்னைத்தான் கூப்பிடுவார்கள். மழை பெய்தால் ஹார்னுக்குள் தண்ணீர் புகுந்து, பேசுகிறவர் குரல் வாய் கொப்பளிக்கிற மாதிரி வரும். ஜனங்கள் சிரிப்பார்கள். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மேடைக்குக் கீழே பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டதுதான் என் படிப்பு.

எங்கேயோ போகிறேன். ஆப்பக்காரியைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

தேக்கா மார்க்கெட்டுக்கு எதிர்ச் சந்தில் நான் குடியிருந்த கடைவீட்டு மாடியிலேயே, பலகை அடைத்த இன்னொரு அறையில் அந்த அம்மா மகளோடு குடியிருந்தது. விடிந்ததும் கீழே அஞ்சடியில், அதாவது கடைவாசல் நடைபாதையில், கரி அடுப்பை வைத்து ஆப்பம் சுடும். தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கும். மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், ஸ்கூல் பிள்ளைகள், பக்கத்து முடிவெட்டும் கடைக்காரர் என்று சுற்றி நிற்பார்கள். முடிவெட்டுகிறவருக்கு வாய் சும்மா இருக்காது.

“தங்கச்சி, ஒன் ஆப்பம் என் பொண்டாட்டி மாதிரியே இருக்கு. நடுவுல உப்பல், ஓரத்துல கருகல்.”

“அக்காகிட்ட சொல்லவா அண்ணே?”

“சொல்லிடாத லா. அப்புறம் மூணு வேளையும் நான் இங்கதான் சாப்பிடணும்.”

புருஷன் எங்கே என்று யாராவது கேட்டால், “கப்பல்ல இருக்காரு, வர நாளாகும்” என்று சொல்லும். செம்பவாங் கப்பல் பட்டறையில் துரு சுரண்டிக்கொண்டிருந்தவர்தான், கப்பலிலேயே வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு சேவை சங்கம் இருந்தது. கடைக்காரர்கள், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள், சில வாத்தியார்கள் சேர்ந்து நடத்தினார்கள். பையன்களுக்கு மேசைப்பந்து, ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம், பரீட்சை சமயத்தில் இலவச டியூஷன். தீபாவளிக்கு ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு ஆரஞ்சும் மைலோ டின்னும் கொண்டுபோவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை விழா வைத்து, ஜெயித்த பையன்களுக்குக் கோப்பையும் நல்ல காரியம் செய்தவர்களுக்குப் பொன்னாடையும் கொடுப்பார்கள். கடைசியில் தாம்பாளம் சுற்றும். அதில் விழுகிற காசு ஒரு ஏழைக் குடும்பத்துக்குப் போகும்.

சங்கத் தலைவர் ஜவுளிக்கடைக்காரர். விழா நாளில் கழுத்தில் வெள்ளிச் சங்கிலி போட்டுக்கொள்வார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிராங்கூன் ரோட்டில் வெள்ளம் வந்தபோது தன் கடையைத் திறந்துவிட்டு, நனைந்தவர்களுக்கெல்லாம் புதுத் துணி கொடுத்த மனுஷன். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவருக்கு உதவி செய்வதற்கு முன்னால் அவருடைய கஷ்டத்தை முழுவதும் மேடையில் சொல்லியாக வேண்டும். “சனங்க அழுதாத்தான்யா பை தொறக்கும்” என்பார். ஜனங்கள் அழவும் செய்வார்கள்.

அந்த வருஷம் ‘உழைக்கும் தாய்’ என்று ஒரு விருது வைத்து, ஆப்பக்காரிக்குக் கொடுப்பதாக முடிவு செய்தார்கள். விழா அன்று மத்தியானம் நான் மண்டபத்துக்கு வெளியே கம்பத்தில் ஹார்ன் கட்டிக்கொண்டிருந்தேன். மண்டபம் சின்னது. எதிர்க் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பது தலைவர் உத்தரவு. அந்த அம்மா வந்து கீழே நின்றது.

“அண்ணே, இது வெளியவும் கேக்குமா?”

“சந்து முழுக்கக் கேக்கும். ஒனக்குத்தானே இன்னிக்கு மரியாதை. கேக்கட்டுமே.”

முந்தானையை விரலில் சுற்றியது. பிறகு மெதுவாகச் சொன்னது. “அவரு கப்பல்ல இல்லண்ணே. சயரோக ஆஸ்பத்திரில படுத்திருக்காரு. தீபாவளிக்குப் பழம் குடுக்கப் போனப்ப தலைவரு அங்க பாத்துட்டாரு. அதை மட்டும் மேடையில சொல்லவேணாம்னு கால்ல விழுந்து கேட்டிருக்கேன். சரின்னிருக்காரு. சொல்லமாட்டாருல்ல?”

நான் ஏணியிலேயே நின்றுவிட்டேன். சயரோகம் இருந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள், அது அந்தக் காலம். வியாதி தெரிந்தால் அந்தக் கை சுட்ட ஆப்பத்தை யார் வாங்குவார்கள்? அந்த அடுப்பை வைத்துத்தான் அறை வாடகை, மகளின் பள்ளிக்கூடம், புருஷனுக்கு முட்டையும் பாலும்.

“சரின்னு சொன்னாருல்ல? சொல்லமாட்டாரு, போ” என்றேன்.

விழா நன்றாகத்தான் ஆரம்பித்தது. மேசைப்பந்துப் பையன்கள் எண்ணெய் வழிய வாரிய தலையோடு வந்து கோப்பை வாங்கினார்கள். ஒரு வாத்தியார் இளைஞர் கடமை பற்றிப் பேசிப் பாதிப் பேரைத் தூங்க வைத்தார். பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் சேலை கட்டி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறியது. தலைவர் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல். தாம்பாளம் புறப்பட்டது. சில்லறைதான் விழுந்தது. எனக்கே சத்தத்தில் தெரிந்தது என்றால் தலைவருக்குத் தெரியாதா? அவர் மறுபடியும் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே, இந்தத் தாயின் கணவர் கப்பலில் இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை! அந்த மனிதர்...”

பெட்டிக் குமிழைச் சட்டென்று திருகி அடைத்தேன். ஹார்ன் வாயடைத்தது. தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். “என்னய்யா, மைக் செத்துப்போச்சா?” என்றார். மைக் வருவதற்கு முந்தியே மேடையேறிய மனுஷன் அவர். அதைத் தள்ளி வைத்துவிட்டு, நெஞ்சிலிருந்து குரலெடுத்துச் சொன்னார். சயரோக வார்டு, இருமல், ரத்தம் எல்லாம் சொன்னார். மண்டபத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. அவர் கண்ணிலும் தண்ணீர். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். தாம்பாளத்தில் நோட்டு விழுந்தது. ஒரு அம்மாள் மோதிரத்தையே கழற்றிப் போட்டாள். ஆப்பக்காரி மட்டும் அழவில்லை. பொன்னாடையை இழுத்து மகளையும் சேர்த்து மூடிக்கொண்டு நின்றது.

விழா முடிந்ததும் தலைவர் என்னைத்தான் திட்டினார். “நல்ல நேரத்துல கழுத்தறுத்தியேப்பா. அடுத்த வருஷம் ஒன் செட்டு வேணாம்.”

மறுநாள் காலையில் வழக்கம் போல அடுப்பு எரிந்தது. மண்டபத்தில் அழுத முகங்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போயின. எதிர்ச் சாரியில் ஏறி நடந்தார்கள். மோதிரத்தைக் கழற்றிப் போட்ட அம்மாள் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனாள். முடிவெட்டுகிறவர் கடை வாசலில் நின்றார். வேடிக்கைப் பேச்சு வரவில்லை.

“இன்னிக்கு வயிறு சரியில்ல தங்கச்சி.”

“சரிண்ணே.”

அடுத்த நாளும் அவருக்கு வயிறு சரியில்லை. நான் வாங்கித் தின்றேன். நான் ஒருவன் தின்று எவ்வளவு தீரும்? பள்ளிக்கூடத்தில் மகளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். சங்கம் கொடுத்த காசு வாடகைக்கும் கரிக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா தினமும் மாவு கரைத்தது. யாராவது ஒருவர் வந்தால் பின்னாலேயே மற்றவர்களும் வருவார்கள் என்று ஒரு நினைப்பு. வந்ததெல்லாம் ஊருக்குப் புதிய ஆட்கள்தான். அவர்களுக்கும் யாராவது காதில் ஓதிவிடுவார்கள்.

ஒரு காலை தலைவரின் கார் சந்து முனையில் நின்றது. தாம் உதவிய குடும்பம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். நான் படியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

“என்னம்மா, யாவாரம் நல்லா போவுதா? அந்தக் காசுல இன்னொரு அடுப்பு போடலாமே.”

அந்த அம்மா அடுப்பை விசிறியது. சட்டியைத் துடைத்து மாவை ஊற்றிச் சுழற்றி மூடியது. நாங்கள் மூன்று பேரும் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எடுத்து வாழையிலையில் வைத்துப் பாலும் சர்க்கரையும் விட்டு இரண்டு கையாலும் நீட்டியது.

“சாப்புடுங்கய்யா. நீங்க இங்க நின்னு சாப்பிட்டா நாலு பேரு பாப்பாங்க.”

முடிவெட்டும் கடை வாசலில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீன் வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பெண்களும் நின்றார்கள். தலைவர் கையை நீட்டத்தான் செய்தார். பாதி வழியில் அந்தக் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இப்பத்தாம்மா பசியாறிட்டு வந்தேன். இன்னொரு நாளைக்கு.”

“ஒரு வாய் போதும்யா.”

“கூட்டம் ஒண்ணு இருக்கு” என்று சொல்லி, ஒரு நோட்டை அடுப்புப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தார். மீன் வாங்கிய பெண்களும் நடந்தார்கள்.

அந்த அம்மா இலையை என்னிடம் கொடுத்தது. மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தது. அடுப்புக்குத் தண்ணீர் தெளித்தது. வெள்ளையாக மாவு என் படியைத் தாண்டி, முடிவெட்டும் கடையைத் தாண்டிப் போனது. நான் ஆப்பத்தைத் தின்று முடித்தேன். அதுதான் அந்தக் கை சுட்ட கடைசி ஆப்பம்.

அந்த மாதம் முடிவதற்குள் காத்தோங் பக்கம் ஒரு பங்களாவில் பாத்திரம் தேய்க்க வேலை கிடைத்து, மகளோடு போய்விட்டது. பெட்டியை நான்தான் என் தள்ளுவண்டியில் பஸ் வரைக்கும் கொண்டுபோனேன். பொன்னாடையை அந்தப் பெட்டிக்குக் கயிறாக முறுக்கிக் கட்டியிருந்தது.

“அங்க கேட்டா என்ன சொல்லுவ?” என்றேன்.

“கப்பல்ல இருக்காருன்னுதான்” என்றது.