சிவப்பு ஒயரில் தொங்கிய வளையல்

என் தம்பி நகைக்குப் பாலிஷ் போடுகிறவன். தெருவில் ‘மினுக்கு’ என்றால்தான் தெரியும். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அதனால்தான் சொல்லும்போதே வாயில் கசப்பு ஊறுகிறது.

கடை என்றால் ஓர் ஆள் நிற்கும் இடம். மேசைமேல் கண்ணாடித் தொட்டி, அதில் பாசி பிடித்தாற்போல் தண்ணீர், ஓரமெல்லாம் நுரைப் பொருக்கு. நாற்றம் குடலைப் பிடுங்கும். பக்கத்தில் கரண்டுப் பெட்டி. அதிலிருந்து சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று.

“தண்ணிக்குள்ள என்னடா நடக்குது?” என்று ஒருநாள் கேட்டேன். பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

“பெட்டி ஒரு பக்கத்தை மேடாக்கும்க்கா, இன்னொரு பக்கத்தைப் பள்ளமாக்கும். ரெண்டும் சமமா இருந்தா ஒண்ணும் நகராது. வித்தியாசம் வந்ததும் ஓட ஆரம்பிச்சிடும். சிவப்புல தொங்குற தங்கம் கரையும், கரைஞ்சது கறுப்புல தொங்குறதுமேல போய் ஒட்டும். முலாம் பூசணும்னா நகையைக் கறுப்புலதான் மாட்டணும்.”

பேத்திக்கென்று வைத்திருந்த ஜோடி வளையலில் ஒன்றைப் போன மாதம் அவனிடம் கொடுத்தேன். எச்சில் தொட்டுத் துடைத்து நீட்டினான். நன்றாகத்தான் மின்னியது. ஆனால் அதிலிருந்த இலைக்கொத்து என் விரலுக்குப் பழக்கம். தடவினால் நரம்பு நரம்பாக உறுத்தும். இப்போதோ வழவழவென்று, யாரோ சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி இருந்தது. உடம்பு கூசிவிட்டது.

மறுநாள் இன்னொரு வளையலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

“நீ வீட்டுக்குப் போக்கா, நாத்தம் தாங்க மாட்டே.”

“உன் நாத்தம் எனக்குப் புதுசா? எத்தனை தடவை கழுவி விட்டிருக்கேன்! மாட்டுடா.”

பழகிய கை தானாகச் சிவப்புக்குப் போயிற்று. வளையலை மாட்டிக் கரண்டையும் போட்டான். கறுப்பில் ஏற்கெனவே ஒரு தகடு தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏண்டா சிவப்புல?”

“இது முலாம் இல்லக்கா. அழுக்கு எடுக்கறது.”

“அப்படியா? உன் தங்க மோதிரமும்தான் கறுத்துப்போய்க் கிடக்கு. அதையும் சிவப்புலயே மாட்டு.”

“அது... கழட்ட வராதுக்கா.”

“சோப்பு இருக்கில்ல, போடு.”

விரல்களை மடக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான், சின்ன வயதில் திருட்டு மிட்டாயை மறைத்த அதே மாதிரி.

“பெட்டியை அணைடா.”

அணைத்தான். வளையலைத் துணியால் எடுத்தேன். தகட்டையும் கழற்றினேன்.

“அக்கா, அது என் தகடு!”

“மேல ஒட்டியிருக்கிறது என் பேத்தியோடது.”

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் தடியாக ஏறியிருந்தது. என் ஒரு வளையல் அவ்வளவு கொடுத்திருக்காது. எத்தனை வீட்டுக் காதும் கழுத்தும் அதில் அப்பிக் கிடந்தனவோ!

“வெளியில சொல்லிடாதேக்கா.” அழுதேவிட்டான். அவன் அழுதால் எனக்கு எப்போதும் தாங்காது.

தாங்காமலேதான் வாசலுக்கு வந்து எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன்.

“இவன்கிட்ட பாலிஷ் போட்ட உன் சங்கிலியை எடுத்துக்கிட்டு வாடி. கண்ணால பார்க்காதே, விரலால தடவிப் பாரு.”